டப்பாவில் தூங்கும் எஞ்சினா, அழுக்கோடு ஓடும் எஞ்சினா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்களிடம் இரண்டு மாடல் எஞ்சின்கள் இருக்கின்றன. ஒன்று, ஏழெட்டு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் புதிதாக வாங்கிய ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’, அந்த ஊர் மாடல் ரயில் கம்பெனியான ஹார்ன்பி செய்தது, ஆப்பிள் பச்சை, எண் 4472. அதன் பேரையும் எண்ணையும் மாற்றி, புகையும் அழுக்கும் ஏற்றி, சத்தம் வரும் சிப் ஒன்றும் போட ஆசை. இன்னொன்று, பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெரியவர் வீட்டைக் காலி செய்யும்போது உங்கள் கையில் கொடுத்த ஹார்ன்பி டப்ளோ ‘டச்சஸ் ஆஃப் மாண்ட்ரோஸ்’. பெயின்ட் அங்கங்கே பெயர்ந்திருக்கிறது, டப்பாவின் ஓரம் கிழிந்திருக்கிறது. புதுசாகப் பெயின்ட் அடித்தால் என்ன என்கிறீர்கள். இடையில் உங்கள் மச்சான், ‘எதையும் தொடாதே, அப்படியே பீரோவில் வை, இருபது வருஷத்தில் நல்ல விலைக்குப் போகும்’ என்கிறார்.

மச்சான் சொல்வது பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் குழப்பம். ஸ்காட்ஸ்மனைத் தாராளமாகப் பிரியுங்கள். டச்சஸுக்குத் தூசு தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு மூன்றாவதாக ஒன்று வாங்கும்போது நீங்களே முடிவெடுக்க வேண்டும்.

ஸ்காட்ஸ்மனில் ஆரம்பிப்போம். ஒரு பொருளுக்குப் பின்னாளில் விலை ஏற வேண்டுமானால், அது குறைவாக இருக்க வேண்டும், கேட்பவர் அதிகமாக இருக்க வேண்டும். ஃபிளையிங் ஸ்காட்ஸ்மனைக் கேட்பவர் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹார்ன்பிக்கு டிரையாங் ஹார்ன்பி என்று பெயர் இருந்த காலத்தில், 1968-ல், ஆரம்பித்த இந்த எஞ்சினை அந்தக் கம்பெனி இன்றுவரை விதவிதமாகப் போட்டுக்கொண்டே இருக்கிறது. 2023-ல் நிஜ எஞ்சினுக்கு நூறு வயது ஆனபோது அதற்கென்றே தனிப் பதிப்புகள் வந்தன. அவற்றை வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்கள் மச்சானைப் போலத்தான் யோசித்திருப்பார்கள். ஆளாளுக்கு டப்பாவைத் திறக்காமல் பீரோவில் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் பத்திரப்படுத்தும் பொருள் எப்படி அரிதாகும்? பொம்மை ரயில் சந்தை ஒன்றுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சான்றிதழ் அட்டையோடு, ‘ஆயிரத்தில் இத்தனையாவது’ என்று எண் போட்ட லிமிடெட் எடிஷன்கள் மேஜை மேஜையாக அடுக்கியிருக்கும். சேகரித்தவர் காலமாகி, பிள்ளைகள் கொண்டுவந்து கொட்டியவை பல.

இதைவிடப் பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து வரும். கம்பெனி அதே எஞ்சினுக்குப் புது அச்சு செய்து, இன்னும் நுணுக்கமான கைப்பிடிக் கம்பிகளும் நல்ல மோட்டாரும் போட்டு வெளியிட்டால், உங்கள் பழைய பதிப்பு அன்றைக்கே ஒரு படி இறங்கிவிடும். நீங்கள் அதைத் தொட்டீர்களா, தொடவில்லையா என்பது அங்கே கணக்கிலேயே வராது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். 180 பவுண்டுக்கு வாங்கினீர்கள். பத்து வருஷம் கழித்து, டப்பாவோடு, கைபடாமல் விற்றால் 110 கிடைக்கிறது என்று வையுங்கள். நீங்கள் அழுக்கேற்றி, எண் மாற்றி, சுமாராகச் செய்திருந்தால் 70. வித்தியாசம் 40 பவுண்டு, அதாவது வருஷத்துக்கு 4 பவுண்டு. கடையை விட்டு வெளியே வந்தபோதே போன பணம்தான் பெரிசு. மிச்சத்துக்காகப் பத்து வருஷம் அந்த எஞ்சினைப் பார்க்காமலே இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், டப்பாவுக்குள் இருந்தால் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையும் அவ்வளவு சரியில்லை. மாடல் எஞ்சின்களின் அடிச்சட்டம் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு, இங்கிலாந்தில் மசாக் என்பார்கள். வார்க்கும்போது கலவையில் ஈயம் கொஞ்சம் அதிகமாகக் கலந்துவிட்டால், வருஷங்கள் போகப்போக உலோகம் உள்ளிருந்தே வெடிப்பு விட்டு, உப்பி, கடைசியில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். இதற்கு வைத்தியம் கிடையாது. போருக்கு முந்தைய பொம்மைகளில்தான் இது வரும் என்று ஒரு காலத்தில் நினைத்தோம். 2000-க்குப் பிறகு வந்த மாடல்களிலும் வந்தது. என்னிடம் ஒரு டீசல் எஞ்சின் இருந்தது. வாங்கிய நாளில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு டப்பாவில் வைத்தேன். ஆறு வருஷம் கழித்துத் திறந்தால், முன்பக்கம் மேலே வளைந்து, அடியில் சாம்பல் நிறப் பொடி. மசாக் நன்றாக இருந்தாலும் மோட்டாரில் கிரீஸ் இறுகும், சக்கரத்து ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்கும், டப்பாவின் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு கரைந்து பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஓடும் எஞ்சினுக்கு இந்தத் தொல்லைகளில் பாதி வராது.

சரி, அப்படியானால் எதையுமே பத்திரப்படுத்த வேண்டாமா? வேண்டும். அமெரிக்காவில் நடந்த ஒரு கதை இதற்குப் பொருத்தம். 1957-ல் லயனல் கம்பெனி பெண் குழந்தைகளுக்கென்று ஒரு ரயில் செட் போட்டது. எஞ்சின் இளஞ்சிவப்பு, பின்னால் வரும் வேகன்கள் வெளிர் நீலம், வெளிர் மஞ்சள் என்று மிட்டாய் நிறங்கள். சுத்தமாக விற்கவில்லை. ரயில் வேண்டும் என்று கேட்ட சிறுமிகள் நிஜ ரயில் மாதிரியே கறுப்பு எஞ்சின்தான் கேட்டார்கள். கடையில் தேங்கிய இளஞ்சிவப்பு எஞ்சின்களுக்குச் சில வியாபாரிகள் கறுப்புப் பெயின்ட் அடித்து விற்றுத் தீர்த்தார்கள் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். இன்று அந்த செட், மூலப் பெயின்ட்டோடும் டப்பாவோடும் இருந்தால், லயனல் சேகரிப்பில் விலை மதிப்பானவற்றில் ஒன்று. சாதாரணக் கறுப்பு எஞ்சினுக்கு இளஞ்சிவப்பு அடித்து ஏமாற்றும் ஆட்களும் பின்னால் வந்தார்கள். அன்றைக்குக் கறுப்பு அடித்த வியாபாரியை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கடை வாடகை கட்ட வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பெயின்ட் டப்பாவைத் திறந்த நிமிஷத்தில் எது போனது என்று பாருங்கள். எஞ்சின் அப்படியே இருந்தது, அது 1957-ல் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்தது என்பதற்கான சாட்சி போய்விட்டது.

உங்கள் டச்சஸ் அந்த வகை. ஹார்ன்பி டப்ளோ 1938-ல் லிவர்பூல் பின்ஸ் ரோடு மெக்கானோ தொழிற்சாலையில் ஆரம்பித்தது. 1964-ல் டிரையாங்கின் தாய்க் கம்பெனி மெக்கானோவை வாங்கியதோடு அந்த வரிசை முடிந்தது. அதாவது அந்தக் காலத்து டப்ளோ இனிமேல் ஒன்றுகூட அதிகமாகப் போவதில்லை, ஒவ்வொரு வருஷமும் சில குறையத்தான் செய்யும். ‘டச்சஸ் ஆஃப் மாண்ட்ரோஸ்’ 1950-களில் நன்றாக விற்ற எஞ்சின், எனவே பெரிய பணம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் இதை வாங்க வருபவர் ரயிலின் அச்சு அசலான உருவத்துக்காக வருவதில்லை. அறுபது எழுபது வருஷத்துக்கு முன் ஒரு பையன் கையில் இருந்த அதே சாமானுக்காக வருகிறார். பெயர்ந்த பெயின்ட் அவருக்குக் குறைதான், ஆனாலும் அது நேர்மையான குறை. மறுபெயின்ட் அடித்த டப்ளோவைக் கையில் எடுத்ததும் ஓரங்களில் கோடுகள் தடித்திருப்பதைப் பார்த்துக் கீழே வைத்துவிடுவார். கிழிந்த டப்பாவையும் தூக்கிப் போடாதீர்கள். டப்ளோவின் வெறும் டப்பாவுக்கே காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க ரயில் சேகரிப்பாளர் சங்கம் எஞ்சினுக்கு ஒரு தரவரிசை, டப்பாவுக்குத் தனியாக ஒரு தரவரிசை என்றே வைத்திருக்கிறது.

டச்சஸுக்குச் செய்யக்கூடியது என்ன? மென்மையான பிரஷ்ஷால் தூசு. எண்களும் கோடுகளும் டீகாலாக, அதாவது மெல்லிய ஒட்டுப்படமாக, இருக்கலாம், ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்தால் கையோடு வந்துவிடலாம். அச்சுகளுக்கு ஒரு துளி எண்ணெய். ஓட்டம் சோர்வாக இருந்தால் காந்தம் வலுக் குறைந்திருக்கும். அதை மறுபடி காந்தமேற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. நீங்களே மோட்டாரைப் பிரித்துப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். ஆர்மேச்சரை, அதாவது மோட்டாரின் சுழலும் பகுதியை, வெளியே உருவினாலே அந்தப் பழைய காந்தம் இன்னும் வலுவிழக்கும். அப்புறம் ஒன்று, பெரியவர் கூடவே பழைய மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்திருந்தால் அதைச் செருகாதீர்கள். அந்தக் கால வயர் உறை விரலால் தொட்டாலே உதிரும். இன்றைய 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் போதும், மூன்று தண்டவாளப் பாதையில் நடுத் தண்டவாளத்துக்கு ஒரு வயர், வெளித் தண்டவாளத்துக்கு ஒரு வயர்.

இப்போது ஸ்காட்ஸ்மன். இங்கே என் வழி ஒன்றே ஒன்று: திரும்ப எடுக்கக்கூடிய வேலையை முதலில் செய்யுங்கள், எடுக்க முடியாததைக் கடைசியில். டப்பாவோடு வந்த சின்னப் பிளாஸ்டிக் பையில் பிரேக் குழாய், கொக்கி, சிலிண்டர் வடிகுழாய் எல்லாம் இருக்கும். அதைத் திறக்காத பையாகவே விற்றால் கூடக் கொஞ்சம் கிடைக்கும் என்பது உண்மை. மாட்டினால் எஞ்சினின் முகமே மாறிவிடும் என்பதும் உண்மை. நான் மாட்டிவிடுவேன். டெண்டரின் (எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டி) பிளாஸ்டிக் நிலக்கரி மேல் நிஜக் கரியை உடைத்துத் தூவ வேண்டுமானால், அந்தப் பிளாஸ்டிக்கில் நேராக ஒட்டாமல், அளவாக வெட்டிய ஒரு மெல்லிய அட்டையில் ஒட்டி அதை உள்ளே வையுங்கள். டிரைவர், ஃபயர்மேன் பொம்மைகளுக்கு ஒரு பொட்டு வெள்ளைப் பசை போதும்.

சத்தம் வரும் சிப் பற்றி உங்களுக்குத்தான் கவலை, எனக்கு இல்லை. தண்டவாளம் வழியே எஞ்சினுக்குள் இருக்கும் சிப்புக்கு ஆணை அனுப்பும் டிசிசி என்ற இந்த டிஜிட்டல் முறை ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனி செய்த வேலையிலிருந்து பிறந்து, அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் தரமாகி, இன்று பரவலாகப் பயன்படுவது. உங்கள் எஞ்சினில் சாக்கெட் இருந்தால் மூடியைக் கழற்றி, அதில் செருகியிருக்கும் வெற்று பிளக்கை எடுத்து, டிகோடரை, அதாவது அந்தச் சிப்பை, செருக வேண்டியதுதான். அந்த வெற்று பிளக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டப்பாவிலேயே ஒட்டி வையுங்கள். விற்கும்போது டிகோடரை உருவிக்கொண்டு பிளக்கைத் திரும்பச் செருகினால் எஞ்சின் பழையபடி. சேதம் எங்கே வரும் என்றால், ஸ்பீக்கருக்கு இடம் வேண்டும் என்று எடைக்கட்டியை அறுக்கும்போதும், சாக்கெட்டை வெட்டி வயரை நேராகச் சால்டர் செய்யும்போதும்.

எண் மாற்றுவதற்கு வருவோம். 4472-ஐ எடுத்துவிட்டு ‘பேப்பிரஸ்’, 2750 ஆக்கப் போகிறேன் என்கிறீர்கள். நல்ல தேர்வு. 1935 மார்ச்சில் மணிக்கு 108 மைல் போன எஞ்சின் அது, பந்தயக் குதிரையின் பெயர். பேர் மாற்றினால் எஞ்சினுக்கு அவமரியாதை என்று உங்கள் மச்சான் சொன்னால், நிஜ ஃபிளையிங் ஸ்காட்ஸ்மனின் ஜாதகத்தைச் சொல்லுங்கள். 1923-ல் டான்காஸ்டரில் 1472 என்று பிறந்தது, அடுத்த வருஷம் 4472 ஆனது, 1946-ல் 502, அதே வருஷம் 103, 1948-ல் 60103. இடையில் 1947-ல் ஏ1 வகையிலிருந்து ஏ3 ஆக்கிப் புது பாய்லர் போட்டார்கள், பிறகு இரட்டைப் புகைபோக்கி, 1961-ல் இரு பக்கமும் புகைத் தடுப்புத் தகடு. 2016-ல் பெரிய மராமத்து முடிந்து வெளியே வந்தபோது பச்சையிலும் எந்தப் பச்சை என்று சண்டை போட்டவர்கள் உண்டு. மூல நிலை என்று எதைச் சொல்வீர்கள்? ஆனால் ஒன்று, எண் மாற்றுமுன் நீங்கள் காட்டப்போகும் வருஷத்தில் பேப்பிரஸ் எப்படி இருந்தது என்று புகைப்படம் பாருங்கள். ஏ3 எஞ்சின்களுக்குள் புகைபோக்கி, டெண்டர் எல்லாம் வேறுபடும். தெரிந்தவர் வந்து பார்த்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.

அச்சடித்த எண்ணை எடுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. நான் முதன்முதலில் செய்தபோது, அவசரத்தில் காட்டமான தின்னரை ஊற்றித் துடைத்தேன். எண் போயிற்று, கூடவே பச்சையும் போயிற்று, வெள்ளைக் கோடும் போயிற்று. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பல்லைக் காட்டியது. இப்போது செய்வது இப்படி: கார் பெயின்ட்டுக்குப் போடும் கீறல் பாலிஷ் ஒரு சொட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியின் நுனியில். ஒரே இலக்கத்தின் மேல் மட்டும், சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தமில்லாமல். பஞ்சில் எண்ணின் நிறம் ஏறும்வரை சரி. பச்சை ஏற ஆரம்பித்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். நான்கு இலக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். கோட்டுக்குப் பக்கத்தில் பஞ்சு வேண்டாம், பல்குச்சியைக் கூராக்கிக்கொள்ளுங்கள். தேய்த்த இடம் கண்ணாடி மாதிரி மின்னும், பயப்பட வேண்டாம், டீகால் வழுக்கி உட்கார அந்த மினுக்கு நல்லதுதான். டீகால் காய்ந்த பிறகு கேபின் முழுவதும் ஒரு மெல்லிய சாட்டின் வார்னிஷ் தெளித்தால் எது பழசு, எது புதுசு என்று கண்ணுக்குத் தெரியாது. பெயர்ப் பலகைக்கு, பித்தளையில் செதுக்கிய தகடு தனியாகக் கிடைக்கும். அதைப் பழைய பெயரின் மேலேயே, உடனடிப் பசை இல்லாமல், ஒரு பொட்டு வார்னிஷால் ஒட்டுங்கள். வேண்டாம் என்றால் நகத்தால் நெம்பி எடுத்துவிடலாம், அடியில் ஸ்காட்ஸ்மன் பத்திரமாக இருக்கும்.

அழுக்கேற்றுவது கடைசி வேலை. உண்மையைச் சொன்னால், விலையைக் கீழே இறக்குவதும் இதுதான், மேலே ஏற்றுவதும் இதுதான். பேர் போன கைகள் அழுக்கேற்றிய எஞ்சினுக்குப் புதுசைவிட அதிகம் கொடுக்க ஆள் இருக்கிறது. நம் மாதிரி ஆட்கள் செய்ததற்கு இல்லை. பெரும்பாலோர் செய்யும் தவறு, எஞ்சின் முழுவதும் ஒரே பழுப்பை அடித்துவிடுவது. அழுக்குக்கு இடம் உண்டு. பிரேக் உராய்ந்த தூசி சக்கரத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் வரும், அது செம்பழுப்பு. இணைப்புக் கம்பிகளில் எண்ணெய்க் கறுப்பு. புகைபோக்கிக்குப் பின்னால் பாய்லர் முதுகில் கரி. பாய்லரின் பக்கத்தில் நீர் கசிந்து வழிந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளைக் கீற்று, கீழ்நோக்கி மட்டும். முதலில் பவுடரை மட்டும் பிரஷ்ஷில் தொட்டுத் தடவிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் ஈரப் பஞ்சில் பெரும்பாலும் துடைத்துவிடலாம். மேலே மேட் வார்னிஷ் அடித்தால் அதோடு சரி, திரும்ப வழியில்லை. ஆகவே அந்த வார்னிஷுக்கு முன் ஒரு வாரம் அப்படியே ஓட்டிப் பாருங்கள். அப்புறம், உங்கள் ஸ்காட்ஸ்மனில் செய்வதற்கு முன் சந்தையில் ஐந்து பவுண்டுக்கு ஓர் உடைந்த வேகன் வாங்கி அதில் கையைப் பழக்குங்கள். என்னிடம் அப்படி ஏழு வேகன் இருக்கிறது. முதல் மூன்றும் சேற்றில் விழுந்த மாதிரி இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கில் கொஞ்ச தூரம் போனவர்கள் எல்லாரும் இங்கே வந்து நிற்பார்கள். பிரிட்டனின் ஓஓ அளவில் எஞ்சின் 76.2-ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நிஜ 1435 மில்லிமீட்டரை அதே கணக்கில் குறைத்தால் 18.83 வர வேண்டும். ஆக எல்லா ஓஓ எஞ்சினும் ஒடுங்கிய காலில்தான் நிற்கிறது. இது உறுத்த ஆரம்பித்தால் சக்கரத்தையெல்லாம் மாற்றி 18.83-க்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்த எஞ்சின் சாதாரண ஓஓ பாதையில் ஓடாது, அதே பைத்தியம் பிடித்த இன்னொருவரைத் தவிர வாங்கவும் ஆள் இல்லை. பெயின்ட்டைவிட, சிப்பைவிட, விலையை ஒரேயடியாக வெட்டுவது இதுதான். செய்வதானால் விற்கவே போவதில்லை என்று தெரிந்து செய்யுங்கள், கழற்றிய பழைய சக்கரங்களை டப்பாவில் போட்டு வையுங்கள்.

பின்னாளில் விற்கும்போது செய்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லுங்கள்: எண் மாற்றியது, அழுக்கேற்றியது, சிப் எடுத்தது, எல்லாம். இங்கே பெரும்பாலான சண்டை வேலை மோசம் என்பதால் வருவதில்லை, சொல்லாமல் விற்றதால் வருவது. கழற்றிய சாமான் எல்லாம் ஒரு ஜிப் பையில் இருந்தால் வாங்குபவர் முகம் மலரும், நானே பார்த்திருக்கிறேன்.

2750-க்கு டீகால் வாங்கும்போது கேபினின் இரண்டு பக்கத்துக்கு மட்டும் வாங்கிவிட்டு வராதீர்கள், முன்பக்கச் சிவப்புப் பலகையிலும் எண் உண்டு. என் எஞ்சின் ஒன்று நான்கு மாதம் பக்கத்தில் ஓர் எண், முகத்தில் ஓர் எண் என்று ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அதைக் கண்டுபிடித்துச் சொன்னது என் ஒன்பது வயது மகள்.